கேடயம் இருக்கட்டும், கணக்கைச் சொல்லுங்கள்

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்தது. பத்து லட்சம் பெண்களுக்குச் சேர்த்து ஒரு விருது. அதை யார் வீட்டு அலமாரியில் வைப்பார்கள் என்று எனக்கு அன்றைக்கே ஒரு குறும்பான சந்தேகம். விருது பெற்ற இந்தப் பெண்கள் அரசு ஏட்டில் ஊழியர்கள் அல்லர். 2005இல் திட்டம் தொடங்கியதிலிருந்தே ‘கௌரவத் தன்னார்வலர்கள்’. ஒருத்தியைப் பிரசவத்துக்கு மருத்துவமனை கூட்டிப்போனால் இவ்வளவு, ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி முடித்தால் இவ்வளவு என்று துண்டுத் துண்டாக ஊக்கத்தொகை. மாதாமாதம் செய்யும் வாடிக்கை வேலைகளுக்கு ஒன்றிய அரசு தந்தது, விருது வந்தபோது, 2,000 ரூபாய். அதுவும் 2018 வரை ஆயிரம்தான்.

விருது வாங்கி மூன்றாண்டு முடியவில்லை. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மாநிலம் தந்த 7,000 ரூபாயை 21,000 ஆக்கு, ஓய்வுபெறும்போது ஐந்து லட்சம் கொடு என்றார்கள். ஐம்பதாவது நாள் நடுத்தெருவில் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள், சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். கிடைத்த உயர்வு ஆயிரம் ரூபாய். பெண்களை மதிக்கும் மாநிலம், முற்போக்கு மாநிலம் என்ற பெயர்களெல்லாம் அந்த நடைபாதையில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழ் படித்தவள் என்பதால் என் சண்டை சொல்லில்தான் தொடங்கும். தன்னார்வலர்: தன் ஆர்வத்தால் வருகிறவர். நல்ல சொல். வள்ளுவரிடம் ஆர்வம் அன்புக்குப் பிறந்த பிள்ளை. அரசாணைக்குள் போனதும் அதன் பொருள் வேறாகிவிடுகிறது. அங்கே தன்னார்வலர் என்றால் பணி ஆணை இல்லாதவர், விடுப்பு இல்லாதவர், ஓய்வூதியம் கேட்க வாயில்லாதவர். இதன் உடன்பிறப்பு மதிப்பூதியம். வகுப்பில் பிரித்து எழுதச் சொன்னால் மாணவிகள் மதிப்பு, ஊதியம் என்று சரியாகப் பிரித்துவிடுகிறார்கள். வாங்குகிறவள் கையில் இரண்டுமே நிற்பதில்லை.

இந்தச் சொற்கள் ஏன் பெண்கள்மேல் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கின்றன? வீட்டில் நாம் செய்வதற்கு ஏற்கெனவே அன்பு என்று பெயர் வைத்தாகிவிட்டது. சமைப்பது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவது, நோயாளிக்குக் கஞ்சி வைப்பது எல்லாம் அன்பு. அரசு செய்ததெல்லாம் வீட்டுவாசலைக் கொஞ்சம் தள்ளித் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். அந்தத் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன், பிள்ளைகள் படித்தார்கள். மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய். மணிக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகைக்கான செலவை இதோடு ஒப்பிட வேண்டாம், மனம் கெட்டுப்போகும்.

“சேவைக்கு விலை பேசலாமா?” என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் சம்பளம் தவறாமல் வங்கியில் விழுகிறவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கேட்கிறார்கள். நானும் பல்கலைக்கழக மானியக் குழு விகிதத்தில் சம்பளம் வாங்குகிறவள்தான். சம்பளம் வாங்குவதால் என் தமிழ்ப்பற்று குறைந்துவிட்டதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நம் மரபில் இந்த வெட்கம் இருந்ததே இல்லை. புறத்தில் பரிசில் கடாநிலை என்று ஒரு துறையே உண்டு. கொடு என்று கேட்பதற்கு இலக்கணம் வகுத்த மொழி இது. அதியமான் காலம் தாழ்த்தியபோது ஔவையார் அவன் வாயில்காவலனிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினார். தன்னை நேரில் காணாமல் அவன் கொடுத்தனுப்பியதைப் பெருஞ்சித்திரனார் வேண்டாமென்று திருப்பினார். தன் உழைப்பின் தரம் அறிந்து கொடு என்பதுதான் அந்தக் கோபம். பத்து லட்சம் பேரை முகம் பார்க்காமல் ஒரே காகிதத்தில் பாராட்டுவதை அவர்கள் என்னவென்று சொல்லியிருப்பார்களோ!

கல்லூரிக்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். சில ஆண்டுகள் திட்ட அலுவலராக இருந்திருக்கிறேன். மாணவர்களுக்குச் சம்பளம் கொடு என்று நான் கேட்கவில்லை; படிக்கும் வயதில் ஊரைத் தெரிந்துகொள்வது அவர்களுக்கே நல்லது. சிறந்த தொண்டரை எப்படித் தேர்கிறோம் என்பதுதான் என் வழக்கு. எத்தனை மரக்கன்று, எத்தனை முறை இரத்த தானம், எத்தனை முகாம் என்று எண்ணுகிறோம். இரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை. வரிசையில் முதலில் போய் நின்ற மாணவி விரல் குத்திப் பார்த்ததும் ஓரமாக உட்காரவைக்கப்படுகிறாள், மதிப்பெண் பட்டியலிலும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. இரவு தங்க வீட்டில் விடமாட்டார்கள் என்பதால் மாலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறுகிறவள் தலைவி ஆக முடியாது. இரவில் தங்கிச் சீட்டாடுகிறவன் ஆகலாம்.

ஒரு முகாமில் ஊர்க் கோயில் மண்டபத்தில் தங்கவைத்தார்கள். வீட்டுக் கணக்கெடுப்பு நான்கு தெருவோடு முடியும் என்றார்கள். காலனி இருக்கிறதே என்று கேட்டது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. வேண்டாம்மா, வம்பு என்று பெரியவர்கள் சொல்லியும் நான்கு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு போனாள். எத்தனை வீட்டில் கழிப்பறை, குடிநீர்க் குழாய் எங்கே நிற்கிறது, முதியோர் உதவித்தொகை யாருக்கு வராமல் போயிற்று என்று வீடு வீடாக எழுதினாள். மனுக்களை நிரப்பி, கைநாட்டு வாங்கி, தாலுகா அலுவலகத்துக்குச் சொந்தக் காசில் மூன்று முறை பேருந்தில் போனாள். முகாமின் உருப்படியான ஒரே வேலை அதுதான். நிறைவு விழாவில் கேடயம் நன்றியுரை சொன்ன மாணவனுக்குப் போயிற்று. இவள் சிறப்பு விருந்தினர்களுக்கான பொன்னாடைகளைத் தாம்பாளத்தில் ஏந்தி மேடையோரம் நின்றாள். அறிக்கையில் பெயராவது வரட்டும் என்று எழுதிக்கொடுத்தேன். அச்சில் ‘மாணவர்கள் கணக்கெடுப்பு நடத்தினர்’ என்று வந்தது.

அங்கீகாரம் என்று நான் சொல்வது இதைத்தான்: அறிக்கையில் அவள் பெயர், பேருந்துக் காசு, அடுத்த முகாம் எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி. அரசுத் திட்டங்களில் உழைப்பவர்களுக்கு இதற்கு மேலே, சம்பளம். முடியாத காரியமல்ல. அங்கன்வாடிப் பணியாளர்களை 1975இலிருந்து கௌரவப் பணியாளர்கள் என்றே அழைத்தார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் போராடிச் சிறப்புக் காலமுறை ஊதியம் வாங்கினார்கள். 2022 ஏப்ரலில், குஜராத் பெண்கள் தொடுத்த வழக்கில், பணிக்கொடை அவர்களுக்கும் உண்டென்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கௌரவம் என்ற சொல்லுக்கு அடியில் ஊதியம் ஒளித்துவைக்கப்பட்டிருந்ததைத் தோண்டி எடுக்க 47 ஆண்டு ஆயிற்று.

பன்வாரி தேவியை நினைக்காமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, தோழி. கிராமத்தில் மதிப்பூதியத்துக்கு வேலை பார்த்தவர். மேல்சாதிக் குடும்பம் ஒன்றின் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1992இல் கூட்டாக வன்புணர்ந்தார்கள். 1994இல் அவருக்கு நீர்ஜா பனோட் விருது கிடைத்தது. 1995இல் கீழமை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து அத்தனை பேரையும் விடுவித்தது. விருது ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம், நடுவில் பானை விற்றுப் பிழைத்த ஒரு குயவர் சாதிப் பெண். வேலைக்கு அனுப்பிய அரசு, அவள் எங்கள் ஊழியர் என்று முன்வந்து நிற்கவில்லை. பெண்கள் அமைப்புகள் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஊழியர் யார் என்று சொல்லும் பகுதியைத் தேடிப் படியுங்கள். ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், தன்னார்வமாக வேலை செய்தாலும், அவள் ஊழியர்தான் என்று இருக்கிறது. முகாமுக்குப் போகும் மாணவிகளும், வீடு வீடாக இரத்த அழுத்தம் பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களும் இந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் 5 தன்னார்வலர் நாளுக்கு உங்களை மேடைக்கு அழைத்தால் போங்கள், பொன்னாடையும் வாங்கிக்கொள்ளுங்கள். அழைக்கிறவரிடம் முன்கூட்டியே இரண்டு தாளைக் கேளுங்கள். ஒன்று, உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும். இன்னொன்று, போன ஆறு மாதத்துப் பயணப்படி எந்தத் தேதியில் வரும் என்பது, கையெழுத்தோடு.