மின்கடத்துதிறன் ஊட்டச்சத்து அன்று

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஏறத்தாழ 0.7 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, அதனுள் மின்கடத்துதிறன் உணரியை அமிழ்த்துங்கள். 25 டிகிரி செல்சியஸில் அது சென்டிமீட்டருக்கு 1.4 மில்லிசீமன்ஸ் என்பதை ஒட்டிய அளவைக் காட்டும். உள்ளரங்கில் லெட்யூஸ் வளர்ப்போர் வழக்கமாகக் கைக்கொள்ளும் அளவும் ஏறத்தாழ அதுவே. நம் நாட்டின் பொறியியல் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் ‘செயற்கை நுண்ணறிவு வழித் தானியங்கி ஊட்டமளிப்பு அமைப்பு’களுள் நான் படித்தவை பெரும்பாலும் அந்த உப்புநீரைக் கண்டு மனநிறைவு கொள்ளும், பம்பை நிறுத்தும், கைப்பேசித் திரையில் ‘ஊட்டம் போதுமானது’ என அறிவிக்கும். அந்நீரில் நைட்ரஜன் இல்லை, பொட்டாசியம் இல்லை, கால்சியம் இல்லை. குளோரைடு மட்டும் உண்டு. செடிக்கு அது நுண்ணளவே போதும்.

இத்தகைய அமைப்புகளைக் கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. நள்ளிரவில் நீர்மட்டம் குறைந்தால் நிரப்பவும், பம்பு நின்றால் எச்சரிக்கவும் இயந்திரம் வேண்டும். அவற்றுக்கு ‘ஊட்டமளிப்பு’ என்று பெயரிட்டு, ஆய்வேடாக்கி, பட்டம் பெற்று, பிறகு அதே வடிவமைப்பைக் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் ஒருவரிடம் விற்பதைத்தான் எதிர்க்கிறேன். பயிர் வாடும்போது இழப்பு அவருடையது. நம் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை சிறிதும் குறைவதில்லை.

கட்டுரையின் அச்சு நமக்கெல்லாம் பழக்கமானது. ஓர் ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 பலகை; ஒரு பிஎச் உணரி; ஒரு மின்கடத்துதிறன் உணரி; மூன்று அல்லது நான்கு பெரிஸ்டால்டிக் பம்புகள். ஏ கரைசலில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும்; பி கரைசலில் சல்பேட்டுகளும் பாஸ்பேட்டும் பிறவும். இரண்டையும் செறிவுநிலையில் கலந்தால் ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும் வீழ்படிவாகும் என்பதால் இந்தப் பிரிப்பு. கடத்துதிறன் குறைந்தால் ஏ, பி இரண்டும் சம அளவில் சொட்டும். பிஎச் உயர்ந்தால் அமிலம் சொட்டும். முப்பது நாள் லெட்யூஸ், ஒரு வரைபடம், 98 விழுக்காடு துல்லியம். எதனோடு ஒப்பிட்டு 98 என்று தேடினால், அதே உணரி காட்டிய அளவோடு ஒப்பிட்டிருப்பார்கள்.

தொட்டிக்குள் உண்மையில் நிகழ்வது என்ன? செடி எல்லா அயனிகளையும் ஒரே வேகத்தில் உறிஞ்சுவதில்லை. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவற்றை வேர் தன் ஆற்றலைச் செலவிட்டு விரைந்து இழுத்துக்கொள்கிறது. கால்சியமும் போரானும் பெரும்பாலும் நீரோட்டத்தோடு செல்வதால் கரைசலில் தங்கித் தேங்கும் இயல்புடையவை. மக்னீசியமும் சல்பேட்டும் இடைப்பட்டவை. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பக்பீ மறுசுழற்சிக் கரைசல்கள் பற்றி எழுதியவற்றைப் படித்த எவருக்கும் இது புதிதன்று. நலமான செடி தொட்டியிலுள்ள நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் மிகத் தாழ்ந்த அளவுக்கு இறக்கிவிடும். அது நோயின் அறிகுறி ஆகாது. கடத்துதிறன் உணரியோ எல்லா அயனிகளின் கூட்டொலியை மட்டுமே கேட்கிறது. எந்தக் குரல் தேய்ந்தது, எது ஓங்கியது என்று அதற்குத் தெரியாது.

கணக்கிட்டே பார்க்கலாம். 100 லிட்டர் தொட்டி. செடிகள் நாளொன்றுக்கு 10 லிட்டர் நீரை ஆவியாக்குகின்றன. அதே அளவு குழாய்நீர் நிரப்பப்படுகிறது. அந்நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சோடியமும் அதற்கு இணையான குளோரைடும் உள்ளன எனக் கொள்வோம். நம் நகரங்களின் நிலத்தடி நீரில் இது மிகையான எண் அன்று. செடி இவற்றைச் சிறிது எடுக்கும். கணக்கு எளிதாக வேண்டி அதை விட்டுவிடுகிறேன். முப்பது நாளில் 300 லிட்டர் நீர் சேர்கிறது. தொடக்கத்தில் 50 ஆக இருந்த சோடியம் 200 மில்லிகிராமாகிறது. அதுவும் அதன் குளோரைடும் சேர்ந்து தரும் கடத்துதிறன் மட்டும் ஏறத்தாழ 1 மில்லிசீமன்ஸ். அதாவது, இயந்திரம் 1.4 என்ற இலக்கை நாள்தோறும் தவறாமல் எட்டிப்பிடிக்க, அந்த 1.4இல் 1 உப்புக்கும் எஞ்சிய 0.4 ஊட்டத்துக்குமாக மாறியிருக்கும். திரையில் நேர்க்கோடு; தொட்டியில் பட்டினி. அந்த நேர்க்கோட்டைத்தான் நாம் ‘முடிவுகள்’ என்ற தலைப்பின்கீழ் அச்சிடுகிறோம்.

பிஎச் திருத்தம் இதனினும் வியப்புக்குரியது. தக்காணத்துப் பாறைப்பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் அரிதான ஒன்றன்று. பெங்களூரில் தேநீர்க் கெண்டியின் அடியைச் சுரண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நீரை 5.8 பிஎச் அளவுக்கு இறக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிமோல் பாஸ்பாரிக் அமிலம் வேண்டும். அதனோடு வந்து சேரும் பாஸ்பரஸ் 120 மில்லிகிராமை ஒட்டியது. நாம் மேற்கோள் காட்டும் ஹோக்லண்டு கரைசலில் பாஸ்பரஸ் 31 மில்லிகிராம். ஆக, ‘பிஎச் குறைப்பான்’ என்று சீட்டு ஒட்டிய குப்பியிலிருந்து, ஊட்டக்குப்பி தருவதைப்போல் நான்கு மடங்கு பாஸ்பரஸ் கணக்கில் வராமல் நுழைகிறது. அது கால்சியத்தோடும் இரும்போடும் சேர்ந்து படியலாம். துத்தநாகப் பற்றாக்குறையைத் தூண்டலாம். நைட்ரிக் அமிலமோ கந்தக அமிலமோ பயன்படுத்தினால் கணக்கு வேறு. எந்த அமிலம், எவ்வளவு மில்லிலிட்டர் என்றே குறிப்பிடாத கட்டுரைகளை என்ன சொல்வது? அமிலம் சொட்டிய ஒவ்வொரு முறையும் நுண்கட்டுப்படுத்தி அதை நினைவில் கொண்டிருந்தது. எழுதியவர்தாம் அந்தப் பதிவை அழித்துவிட்டார்.

உணரிகளின் குறைகளை விரிக்கப் போவதில்லை. மின்னணுவியல் மாணவர்கள் என்னினும் நன்கறிவர். கண்ணாடி மின்வாய் முதுமையடையும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். தில்லியின் குளிர்காலத் தொட்டிக்கும் கோடைத் தொட்டிக்கும் இடையே இது சிறு வேறுபாடன்று. மின்காப்பின்றி இரு உணரிகளையும் ஒரே தொட்டியில் இட்டால் ஒன்றின் மின்னோட்டம் மற்றதன் அளவீட்டைக் குலைக்கும். பம்பின் குழாய் தேயத் தேயச் சொட்டின் அளவு மாறும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த அமைப்பு உப்பைச் சேர்க்க வல்லது, எடுக்க வல்லதன்று. கம்பி அறுந்த உணரி சுழியத்தைக் காட்டினால், இயந்திரம் குப்பி தீரும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கும். ‘ஒரு நாளைக்கு இத்தனை மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றாதே’ என்னும் ஒற்றை வரி நிரலில் இல்லாதபோது, நியூரல் நெட்வொர்க்கின் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

அந்த நெட்வொர்க்குகளைப் பற்றியும் ஒரு சொல். நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்த தரவை எழுந்தமானமாகக் கலைத்து, எண்பது விழுக்காட்டைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் பிரிக்கிறார்கள். 10.41க்குப் பதிந்த அளவு பயிற்சியில், 10.42க்குப் பதிந்தது சோதனையில். நீரின் கடத்துதிறன் ஒரு நிமிடத்தில் மாறாது என்பதை மாதிரி ‘கற்றுக்கொண்டு’ 0.99 பெறுகிறது. அடுத்து, ஒரே தொட்டியில் நின்ற 48 செடிகளை 48 மீள்செய்கைகளாகக் கணக்கிட்டு முக்கியத்துவச் சோதனை நடத்துகிறார்கள். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் போலி மீள்செய்கை எனப் பெயரிட்டுக் காட்டிய பிழை இது. கரைசல்தான் ஆய்வுப்பொருள் என்றால், தொட்டி ஒன்று. ஆகவே மீள்செய்கையும் ஒன்று. வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முதலாண்டு மாணவர் இதைச் செய்தால் நெறியாளர் திருப்பி அனுப்புவார். பொறியியல் ஆய்விதழில் இது மதிப்பீட்டாளரின் கண்ணில் படாமலே கடந்துவிடுகிறது. அங்கே மதிப்பிடுவோர் பயிர் வளர்த்தவர்கள் அல்லர். வேளாண் துறையினரும் கண்டுகொள்வதில்லை. நிரலைக் கண்டதும் ‘இது நம் துறை அன்று’ என ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஹோக்லண்டின் பெயரை மேலே குறித்தேன். 1930களில் கலிஃபோர்னியாவில் வில்லியம் கெரிக் நீரில் தக்காளி வளர்த்துக் காட்ட, மண்ணின் காலம் முடிந்ததென நாளேடுகள் முழங்கின. அந்தப் பெருமுழக்கத்தை ஆராய்ந்து டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட சுற்றறிக்கைதான், இன்று அச்சுக்கரைசலின் பெயரால் நாம் மேற்கோள் காட்டுவது. நல்ல மண்ணில் விளைவதைவிட நீரில் இயல்பாகவே மிகுந்து விளைந்துவிடாது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. ‘மண்ணைவிடப் பன்மடங்கு விளைச்சல்’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு, ஆய்வுமுறைப் பகுதியில் ‘ஹோக்லண்டு கரைசல் பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதும் கட்டுரைகள் அந்தச் சுற்றறிக்கையைத் திறந்துகூடப் பார்க்காதவை. நமக்கென ஒரு மரபும் உண்டு. 1940களின் இறுதியில் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் ஷோல்ட்டோ டக்ளஸ், சரளையும் மணலும் நிரப்பிய படுகைகளில் விலைமிக்க கருவி எதுவுமின்றி நடத்திய முயற்சிகள் 1951இல் ‘வங்காள முறை’ என்ற பெயரில் நூலாயின. எளியவர் கைக்கு எட்ட வேண்டும் என்பதே அங்கே நோக்கம். நாம் எதிர்த்திசையில் நெடுந்தூரம் வந்துவிட்டோம்.

உள்ளரங்கு வளர்ப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் கேடுகளுள் ஒன்று லெட்யூஸின் இளந்தளிர் நுனி கருகுதல். அது கால்சியக் குறைபாடு. ஆனால் குறைபாடு தளிரில்தான்; தொட்டியில் கால்சியம் தேவைக்கு மேல் இருக்கும். மூடிய அறையில், அசையாத ஈரக்காற்றில், உட்தளிரிலிருந்து நீர் ஆவியாவதில்லை; நீரோட்டம் இல்லாததால் கால்சியமும் அங்கே சென்று சேர்வதில்லை. தளிரின்மேல் காற்றுபடும்படி விசிறியை வைப்பதுதான் முதல் மருந்து. ஊட்டமளிப்பு இயந்திரம் அதற்கு மேலும் கால்சியத்தைச் சொட்டும். கடத்துதிறன் உயர்ந்து வேர் நீரெடுப்பது கடினமாகி, கருகல் மிகும். விசிறி பற்றி யாரும் ஆய்வுக்கட்டுரை எழுதுவதில்லை.

‘அயனி ஒவ்வொன்றையும் அளக்க எங்கள் துறையில் கருவி இல்லை, பணமும் இல்லை’ என்ற மறுமொழியைக் கருத்தரங்குகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அயனித்தெரிவு மின்வாய்கள் விலை மிக்கவை, விரைவில் வழுவுபவை. நைட்ரேட் மின்வாயைக் குளோரைடே ஏமாற்றும். இவை எல்லாம் உண்மை. ஆனால் நான் கேட்பது தொடர் அளவீடன்று. தொடக்க நாள், இடை நாள், இறுதி நாள் ஆகியவற்றில் மூன்று குப்பி நீரை அண்மை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஒரு மாதிரிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் ஆகும். திட்ட நிதியில் தொடுதிரைக்கு ஒதுக்கும் தொகைக்குள் அது அடங்கும். அதுவும் இயலாதெனில், இயந்திரமே அறிந்த இரண்டு எண்களை அழிக்காமல் வையுங்கள்: நாள்தோறும் நிரப்பிய நீர் எத்தனை லிட்டர், சொட்டிய செறிவுக்கரைசல் எத்தனை மில்லிலிட்டர். இவ்விரண்டின் விகிதம் செடி குடித்த நீருக்கு எவ்வளவு ஊட்டம் சென்றது என்பதைத் தோராயமாகச் சொல்லும். மேலே காட்டிய உப்புத் தேக்கத்தில் இந்த விகிதம் நாளுக்கு நாள் சரியும். கடத்துதிறனோ அசையாது நிற்கும். எந்த நுண்ணறிவும் வேண்டாத எச்சரிக்கை அது, விலையுமில்லாதது.

இளம் ஆய்வாளர்களை மட்டும் குறைசொல்லி ஒதுங்குவது நேர்மையாகாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரில் நீக்கியது. ஆயினும் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தம் சொந்த விதியாகத் தொடர்கின்றன. மூன்று ஆண்டு உதவித்தொகையில் ஒருவர் இரண்டு கட்டுரைக்கு ஓடும்போது, பயிரின் ஒரு பருவம் தோற்றால் மீண்டும் விதைக்க அவருக்குக் காலம் இராது. முப்பதே நாளில் முடியும் லெட்யூஸ் எல்லாருக்கும் பிடித்த பயிரானதும் அதனால்தான். உப்பு தேங்கித் தன் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பயிரில். ஆய்வு முடிந்த பின்னரே தொடங்கும் அந்தக் கேட்டை, இயந்திரத்தை வாங்கியவர்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

எனவே புறத்தேர்வாளராகச் செல்லும் மூத்தோரிடம் கேட்கிறேன். வாய்மொழித் தேர்வில் நிரலின் கட்டமைப்பு குறித்து வினவுங்கள். அதற்கு மாணவர் ஆயத்தமாகவே வந்திருப்பார். பிறகு, நிரப்புநீரின் பகுப்பாய்வு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பிஎச் உணரியை எந்தெந்த நாளில் எந்தத் தாங்கற்கரைசல் கொண்டு திருத்தினார் என்னும் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை மில்லிலிட்டர் அமிலம் சென்றது என்று கேளுங்கள். முப்பதாம் நாள் தொட்டியில் எஞ்சிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த நூறு லிட்டரை எங்கே ஊற்றினார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அது துறைக் கட்டடத்தின் பின்புறச் சாக்கடையாகத்தான் இருக்கும், ஆய்வேட்டின் முன்னுரையிலோ ‘சூழலுக்கு உகந்தது’ என்று எழுதியிருக்கும்.