எழுபது வளைவில் இறங்கும் தண்ணீர்

லாரிக்குப் பேர் போனது நாமக்கல். அதே மாவட்டத்துக் கொல்லிமலையில் மரவள்ளி போடுகிறவர் வண்டி வாடகைக்கே தவிக்கிறார்.

கேட்டால், "ரோட்டை அகலப்படுத்தணும்" என்கிறார்கள். எதற்கு? பச்சைக் கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தண்ணீரையும் சுமக்கக் காசு கொடுப்பவர் விவசாயி. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு கெட ஆரம்பிக்கும். அதனால் ஆலைக்காரர் சொன்னதுதான் விலை.

செம்மேட்டிலேயே சீவும் இயந்திரம், உலர்களம், கிடங்கு வையுங்கள். எடை குறையும், வாடகை குறையும், விலை பார்த்து விற்கலாம். கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்: இது மூன்றாம் வகுப்புக் கழித்தல். மலையை வெட்டாதீர்கள், சுமையைக் குறையுங்கள்.