ஒரே கையில் சேரும் அதிகாரம்

அதிகாரப் பிரிவினை பற்றி வாதிடும்போதெல்லாம் மாண்டெஸ்கியூவின் பெயரைச் சொல்கிறோம். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகியவற்றுக்கு நடுவே மதில் எழுப்பியவர் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய நூலில் அப்படியொரு மதில் இல்லை.

1748இல் ஜெனீவாவில் ஆசிரியர் பெயரின்றி வெளியானது ‘சட்டங்களின் ஆன்மா’. அதன் பதினோராம் பகுதி, ஆறாம் அத்தியாயம் இங்கிலாந்தின் அரசமைப்பைப் பேசுகிறது. மன்னர் சட்டத்தைத் தடுக்கலாம், பிரபுக்கள் அவை சில வழக்குகளை விசாரிக்கலாம் என்று அங்கே கலப்பை அவரே ஏற்கிறார். 1788இல் அமெரிக்க அரசமைப்புக்கு ஆதரவாக எழுதிய ஜேம்ஸ் மேடிசன் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார். ஒரு துறையின் முழு அதிகாரமும் இன்னொரு துறையின் முழு அதிகாரமும் ஒரே கைக்குப் போவதைத்தான் மாண்டெஸ்கியூ எதிர்த்தார் என்று விளக்கினார். 1955இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், இந்தப் பிரிவினையை அதன் முழு இறுக்கத்தோடு நம் அரசமைப்பு ஏற்கவில்லை என்றே சொன்னது.

மாண்டெஸ்கியூ போர்தோ நகரின் உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு பதவியில் இருந்தவர். அவர் அஞ்சியது எதை என்பதற்கு அவர் காட்டும் வெனிஸைப் பார்க்க வேண்டும். அங்கே பெரிய அவை சட்டம் இயற்றியது, செனட் நிறைவேற்றியது, நாற்பதின்மர் மன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டளவில் மூன்றும் தனித்தனி. ஆனால் மூன்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே பிரபுக் குலத்தார். யார்மீது வேண்டுமானாலும் எவரும் புகாரெழுதிப் போட, கல்லில் செதுக்கிய ஒரு வாய் திறந்திருந்தது. நிறுவனங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே இருப்பவர் யார் என்று பாருங்கள் என்பதே அவர் சொன்னதன் பொருள். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பேசிய கேசவானந்த பாரதி வழக்கைவிட, வழக்கறிஞர்களான நம் அன்றாடத் தொழிலுக்கு நெருக்கமானது இந்த வெனிஸ்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

2013, 2014ஆம் ஆண்டுகளின் அரசாணைகளால் தமிழ்நாட்டில் காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாகத்துறை நடுவர் அதிகாரம் கிடைத்தது. ஆய்வாளர் அறிக்கை கொடுப்பார். அவருடைய மேலதிகாரியே நன்னடத்தைப் பிணை கேட்பார். மீறியதாகச் சொல்லிச் சிறைக்கும் அனுப்புவார். குற்றம் சுமத்துவதும் தீர்மானிப்பதும் தண்டிப்பதும் ஒரே துறை. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகளை அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. அதிகாரப் பிரிவினை கோட்பாட்டளவில் நிற்காமல் ஓர் ஏழை இளைஞனின் உடல்மீதான உரிமையாக இறங்கிவந்த தீர்ப்பு அது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியைச் சிறப்பு நிர்வாகத்துறை நடுவராக நியமிக்க மாநில அரசுக்கு வெளிப்படையாகவே இடம் தருகிறது. அரசாணைக்கு எதிராக வென்ற வாதத்தை இனி சட்டப் பிரிவுக்கு எதிராகவே வைக்க வேண்டும். நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும் அரசமைப்பின் 50ஆம் உறுப்பு மட்டும் அதற்குப் போதாது. அது வழிகாட்டு நெறிதான். 14, 21ஆம் உறுப்புகளோடு சேர்த்தே அதை வாதிட வேண்டும்.

பிணைப்பத்திர வழக்குகளைச் சின்ன வேலை என்று இளையவர்களிடம் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. “கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ” என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். சன்ஹிதாவின் 130ஆம் பிரிவின்படி தகவலின் சாரத்தை எழுதிய உத்தரவைக் கேளுங்கள். 135ஆம் பிரிவின்படி சாட்சி விசாரணை நடத்தச் சொல்லுங்கள். உத்தரவிடுபவர் காவல்துறையைச் சேர்ந்தவராக இருந்தால், முதல் நாளிலேயே எழுத்தில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.