ஒரு லாரி தண்ணியோடு ஒரு ஏரியும் போகுது! விவசாயிகளே, விழித்துக்கொள்வீர்!



பூண்டி, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அண்ணனூரிலிருந்து எழுதுகிறோம். ஆவடி ரயிலில் போகும்போது எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். வீடு, வீடு, வீடு! கழனி எங்கே என்று கேட்காதீர்கள்.

உங்கள் கிணறு ஏன் வற்றுது? மேல்கழனிக்காரர் ஆழமா போர் போட்டுட்டார் என்கிறோம். அவரைக் கேட்டால் லாரிக்கு விற்கிறவரைக் காட்டுகிறார். விற்கிறவரோ, "நெல்லுக்குக் கட்டுபடியாகிற விலை இல்ல, நான் என்னதான் பண்றது?" என்கிறார். மூணு பேர் சொல்வதும் நியாயம்தான்! அதனால்தான் வழக்கு தீரவே மாட்டேங்குது. தனி ஒருத்தர் குற்றமில்லை இது. செக்குமாடு மாதிரி ஒன்று இன்னொன்றை இழுத்துச் சுற்றுது.

லாரிக்குத் தண்ணி போனால் நீர்மட்டம் இறங்கும். இறங்கினால் 5 குதிரைத்திறன் மோட்டார் போதாது, ஏழரை வேணும். அதுக்குக் கடன். கடனை அடைக்க இன்னும் நாலு லாரி! போர் உள்ளவருக்கு ஏரி எதுக்கு? வரவுக் கால்வாய் தூர்வாரக் கூப்பிட்டால் வரமாட்டார், நீர்க்கட்டிக்கு நெல் அளக்க மாட்டார். கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது, கிணற்றில் ஊற்று செத்துப்போகும், போர் இன்னும் ஆழமாகும். கடைசியில் பிளாட்காரன் வருவான். ஆயக்கட்டு போன பிறகு ஏரியைக் கேட்க நாதி ஏது?

மீஞ்சூரைப் பாருங்கள். 1960களிலிருந்தே அங்கே நிலத்தடி நீரை உறிஞ்சி நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். நல்ல தண்ணி இறங்க இறங்க, கடல் தண்ணி உள்ளே ஏறியது. 2010ல் அதே வட்டாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்க, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை திறந்தார்கள். நல்ல கூத்து! 2000க்குப் பின் வந்த வறட்சியில் நம் விவசாயக் கிணறுகளில் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். 2019ல் சென்னை ஏரிகள் வறண்டதும் மறுபடி நம் கிணற்றடிக்கே வந்தார்கள்.

இலவச மின்சாரம்தான் காரணம் என்று நகரத்துப் படிப்பாளிகள் சொல்வார்கள். லாரி எந்த ஊருக்குப் போகுது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்!

நான் ஒருத்தன் விற்காவிட்டால் நின்னுடுமா என்று கேட்பீர்கள். நிற்காது. நீங்கள் விட்ட தண்ணியைப் பக்கத்துக் கிணறு இழுத்து விற்கும். ஊரே சேர்ந்து நிறுத்தினால்தான் உண்டு. நிறுத்திய கையோடு வரவுக் கால்வாயை வெட்டிவிட்டால், ஏரி நிரம்பிக் கிணறு ஊறும். கிணறு ஊறினால் அடுத்த வருசம் மண்வெட்டியோடு வர ஆள் கூடும். இதுவும் சுற்றுதான், நம்ம பக்கம் சுற்றுகிற சுற்று!

1987ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டப்படி, பட்டியலில் உள்ள கிராமங்களில் தண்ணீரை வண்டியில் ஏற்றிப்போக உரிமம் வேண்டும். உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா? வருகிற லாரிக்கு உரிமம் இருக்கிறதா? தாலுகா ஆபீசில் கேளுங்கள்.

ஆவடி 2019ல் மாநகராட்சி ஆகிவிட்டது, எங்களுக்குக் கிராம சபை கிடையாது. உங்களுக்கு இருக்கு. மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாரீர்! லாரியை நிறுத்து, வரவுக் கால்வாயை அளந்து கல் நடு, நெல்லுக்குக் கட்டுபடியாகிற விலை கொடு என்று தீர்மானம் போடுவீர்!