கிராம்பு–காசா மண்சாலையில் மோட்டார் சைக்கிள் பயணம்: சங்கத்தின் நிலைப்பாடு

ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌலையும் ஸ்பிதியையும் குன்சும் கணவாய் வழியே இணைப்பது கிராம்பு–காசா சாலை. தேசிய நெடுஞ்சாலை 505 என்ற பெயர் இருந்தாலும், கிராம்புவுக்கும் பாதலுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் நெடுங்காலம் தார் காணாதது. உருளும் கல், சேறு, குறுக்கே ஓடும் நாலா (மலையோடை), இவைதான் அங்கே சாலை. டெல்லி முனிர்காவில் இயங்கும் இந்தத் தமிழ் மோட்டார் சைக்கிள் சங்கம், நான்கு நாள் விடுமுறைக்குள் அச்சாலைக்குப் போய்வரும் பயணத்தை நடத்துவதில்லை. பிறர் நடத்தினாலும் ஆதரிப்பதில்லை.

முதல் காரணம் உயரம். முனிர்கா கடல்மட்டத்துக்கு மேல் இருநூற்றுச் சொச்சம் மீட்டர். குன்சும் சுமார் 4,550 மீட்டர். வெள்ளி இரவு அவுட்டர் ரிங் ரோட்டில் கிளம்புகிறவர் சனிக்கிழமை மணாலியில் தூங்கி, ஞாயிறு நண்பகலில் கணவாயில் நிற்கிறார். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது அறிவுரை. தலைவலி, வாந்தியோடு நிதானமும் தடுமாறும்போது, உருளும் கல்லில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. அந்த நீளத்தில் பெரும்பாலும் செல்போன் சிக்னலும் கிடையாது.

ஆகவே சங்கம் பரிந்துரைப்பது சிம்லா, கின்னௌர் வழியே காசா சேர்ந்து, அங்கிருந்து குன்சும் ஏறுவது. சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, தாபோ 3,280, காசா சுமார் 3,700 என்று உயரம் படிப்படியாகக் கூடும். நாள் அதிகமாகும், அதைத் தவிர்க்க வழியில்லை.

அடுத்தது தண்ணீர். நாலாக்களில் ஓடுவது பனி உருகிய நீர். விடியலில் கணுக்கால் அளவே ஓடுவது, வெயில் ஏறியபின் முழங்காலைத் தாண்டலாம். அடியில் கிடக்கும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. காசாவில் காலை உணவை முடித்துக் கிளம்பினால் பாதலுக்கு அப்பாலுள்ள நாலாக்களைப் பிற்பகலில்தான் தொட முடியும். முந்தின இரவு வழியிலுள்ள லோசரிலோ பாதலிலோ தங்கி, விடிந்ததும் கிளம்புவதே முறை. இறங்கி நடந்து பார்க்காத நாலாவில் வண்டியை விடக் கூடாது. தனியாகப் போவதைச் சங்கம் ஏற்பதில்லை.

பெரிய வண்டி இருந்தால்தான் முடியும் என்ற பேச்சு விளம்பரங்கள் வளர்த்தது. 150 சிசி வண்டிகள் அங்கே போய்வருகின்றன. 200 கிலோவை நெருங்கும் வண்டி சேற்றில் சாய்ந்தால், மூச்சு வாங்கும் உயரத்தில் ஒருவரால் நிமிர்த்துவது கடினம். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், பஞ்சர் கிட், நிரம்பிய டாங்க் ஆகியவை கட்டாயம்.

சாலையை விட்டு விலகிப் புல்வெளியில் வண்டி ஏற்றுவதைச் சங்கம் முழுமையாக எதிர்க்கிறது. பாதல் பக்கமிருந்து பிரியும் பாதை சென்றடையும் சந்திரதால் ஏரி 2005 முதல் ராம்சர் ஈரநிலம். குறுகிய கோடையில் மட்டுமே வளரும் அந்தப் புல்லில் பதிந்த சக்கரத் தடம் எளிதில் மறையாது.

எல்லைச் சாலைகள் அமைப்பு இச்சாலையை அகலப்படுத்தித் தார் போடும் பணியில் இருக்கிறது. சாகசம் போய்விடும் என்று வருந்தும் ஓட்டிகளோடு சங்கம் உடன்படவில்லை. ஸ்பிதியின் பச்சைப் பட்டாணி சந்தைக்குப் போவதற்கும், நோயாளி மணாலி மருத்துவமனையை அடைவதற்கும் இருக்கும் சாலை அது.