ஆலோசனை சொல்லாத ஆலோசகர்

மும்பையில் ஒருவரைப் பற்றி 'தாணேவுக்கு அனுப்ப வேண்டியதுதான்' என்று சொன்னால், அவருக்கு அங்கே வீடு பார்த்திருப்பதாக அர்த்தமில்லை. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, மும்பைவாசிகளுக்குத் தாணே அப்படி. 1853இல் நாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற ஊர், 1901இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால் கேலிப் பெயராகிவிட்டது. அதே ஊரில்தான் டாக்டர் ஆனந்த் நாட்கர்னி 1990இல் இன்ஸ்டிட்யூட் ஃபார் சைக்கலாஜிகல் ஹெல்த் என்ற அமைப்பைத் தொடங்கினார். பூட்டிய வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவே, நாற்காலி போட்டுப் பேசவும் ஓர் இடம் இருக்க முடியும் என்பதை ஊருக்குப் பழக்கியவை இத்தகைய இடங்கள்.

அந்த நாற்காலியில் உட்காரப் பழகும் பயிற்சியாளர்களில் தமிழ்ப் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாராவியில் பிறந்தவள், தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அல்லது செம்பூரில் வளர்ந்தவள், பூர்வீகம் பாலக்காடு. எதிரே வந்து உட்காரும் தமிழ் அம்மாள் தன் கஷ்டத்தைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள்: "உனக்கு எந்த ஊரும்மா?"

அது வெறும் ஊர் விசாரிப்பு இல்லை என்பது நமக்குத் தெரியும். சாதி, தெரு, உறவுமுறை எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். நம்ம பொண்ணு என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. நம்ம பொண்ணு என்பதாலேயே ஒரு பயம்: இவள் சித்தி நம் சாலில் இருந்தால்? ரகசியம் காக்கப்படுவது உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பத்துக்குப் பத்து வீட்டில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு ரகசியம் என்பதே அனுபவத்தில் இல்லாத சமாச்சாரம்.

பயிற்சியாளருக்கும் ஒரு பொறி இருக்கிறது. கதை பாதி சொல்லும்போதே மீதி அவளுக்குத் தெரிந்த மாதிரி இருக்கும். தன் அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்ட கதைதானே. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்' என்று வாய்வரை வந்துவிடும். அதைச் சொல்ல எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இலவசமாகச் சொல்லியாயிற்று.

இந்தப் பொறியில் கார்ல் ரோஜர்ஸும் சிக்கியிருக்கிறார். 1902இல் பிறந்த இந்த அமெரிக்கர், கண்டிப்பான மதப்பற்றுள்ள குடும்பத்துப் பிள்ளை. முதலில் படித்தது விவசாயம், அடுத்துப் போனது சமயக் கல்லூரி, அதற்குப் பிறகுதான் உளவியல். ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான அமைப்பு ஒன்றில் இளம் உளவியலாளராக இருந்தபோது, அடங்காத பையன் ஒருவனின் தாய் வந்தாள். சிக்கலுக்குக் காரணம் அவள் அவனைச் சிறு வயதிலேயே ஒதுக்கியதுதான் என்று இவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு நயமாக எடுத்துச் சொல்லியும் பயனில்லை. கைகுலுக்கி முடித்துக்கொண்டார்கள். வாசல்வரை போனவள் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சலிங் உண்டா என்று கேட்டாள். மறுபடி உட்கார்ந்து, தன் மண வாழ்க்கையின் நொம்பலத்தைக் கொட்டினாள். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் எழுதியதற்குப் பின்னால் இந்தத் தாய் இருக்கிறாள். 1951இல் வந்த அவரது புத்தகத்தின் தலைப்பே 'கிளையன்ட்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. 'நோயாளி' அவருக்குப் பிடிக்கவில்லை.

தமிழில் கிளையன்டுக்கு என்ன சொல்வது? கட்சிக்காரர் என்றால் வக்கீல் வந்துவிடுகிறார், வாடிக்கையாளர் என்றால் மளிகைக் கடை. இலங்கைத் தமிழர்கள் கவுன்சலிங்கை உளவளத்துணை என்கிறார்கள், வருபவரைத் துணைநாடி என்கிறார்கள். நம் 'ஆலோசகர்' என்ற சொல்லோ, ஆலோசனை சொல்லியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது.

இதற்காகப் பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கலாம் என்பதல்ல. புருஷன் அடிக்கிறான் என்று ஒருத்தி சொல்லும்போது, நடுநிலை என்று பேசாமல் இருப்பது அடிப்பவனுக்கே சாதகம். பாந்த்ராவில் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் தொடங்கிய திலாசா மையம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வன்முறைக்கு அடிபட்டவள் பொறுப்பல்ல, முதலில் அவளுடைய பாதுகாப்பு. எங்கே போவது, புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அவள். வழிகள் என்னென்ன என்று விளக்க வேண்டியது இவள் வேலை.

சரி, ஊர்க் கேள்விக்கு என்ன பதில்? 'தாத்தா திருநெல்வேலிங்க, நான் பிறந்தது தாராவி' என்று உள்ளதைச் சொல்லலாம். மழுப்பினால் அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். ரோஜர்ஸ் 1957இல் வலியுறுத்திய நிபந்தனைகளில் ஒன்று, கேட்பவர் வேஷம் போடாமல் இருப்பது. சித்தி விஷயத்தையும் அப்போதே பேசிவிடுவது நல்லது: இங்கே பேசுவது வீட்டுக்குப் போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மேலே சொல்ல வேண்டிவரும், நான் பயிற்சியில் இருப்பவள், மேற்பார்வைக்கு ஒரு மூத்தவர் இருக்கிறார். பிறகு பேச்சை அம்மாளிடம் விட்டுவிட வேண்டும். அவள் பத்து நிமிடம் மகனைப் பற்றியே பேசினாலும், குறுக்கே போகாமல்.