நியம்கிரிப் போராட்டம் தளராததன் காரணங்கள்: ஒரு நிலைப்பாடு

ஒடிசாவின் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரவியுள்ள நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டக் கூடாது என்று டோங்ரியா கோந்த் பழங்குடிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறார்கள். எதிரே நின்றவை மாநில அரசின் சுரங்கக் கழகமும், அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலை கட்டிய வேதாந்தா குழுமமும். சில ஆயிரம் பேரே உள்ள சமூகம் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு வெளியார் தூண்டுதலே காரணம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை.

முதல் காரணம் பிழைப்பு. மலையுச்சியின் பாக்சைட் படுகை மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடைகளுக்கு விடுகிறது. அந்த ஈரத்தில்தான் சரிவுகளில் கேழ்வரகு, மஞ்சள், இஞ்சி, அன்னாசி, பலா எல்லாம் விளைகின்றன; வாரச் சந்தைக்குப் போய்க் காசாகின்றன. சொந்த விளைச்சலில் வாழ முடிந்தவர்களிடம் இழப்பீட்டுப் பேரம் எடுபடாது. சிதறிக் கிடக்கும் ஊர்கள் ஒன்றையொன்று சந்திப்பதும், செய்தி கைமாறுவதும் அதே சந்தையில்தான்.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. அதை இந்தப் பிழைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அவர்கள் வணங்கும் நியம் ராஜா மலையையும் அதன் ஒழுங்கையும் காப்பவர். ஆண்டுதோறும் மலைமேல் நடக்கும் அவரது திருவிழாவில் வழிபாட்டோடு சுரங்க எதிர்ப்பும் உறுதிசெய்யப்படுகிறது. இளைய தலைமுறைக்குப் போராட்டம் போய்ச் சேரும் வழி இதுவே.

மூன்றாவது காரணம், காட்டில் வாழ்வோரின் உரிமைகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சுரங்கத் திட்டத்தை ஆராய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த என்.சி. சக்சேனா குழுவின் அறிக்கைக்குப் பின், 2010 ஆகஸ்டில் அவ்வமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் 12 ஊர்களை மட்டுமே மாநில அரசு தேர்ந்தெடுத்தது. இது நியாயமற்ற குறுக்கல். ஆனாலும் மாவட்ட நீதிபதி நிலை அதிகாரியின் முன்னிலையில் ஆண்களும் பெண்களும் எழுந்து பேசினர். 12 சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்டக் கோரிய மனுவும் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தங்கள் சொல்லுக்குச் சட்ட வலு உண்டு என்பதைக் கண்ணால் கண்டவர்கள் எளிதில் கலைவதில்லை.

வெற்றிக்குப் பிறகும் ஆபத்து நீங்கவில்லை. ஆலை அடிவாரத்தில் இயங்கிக்கொண்டேயிருக்கிறது. தாது மலையில் இருக்கிறது. போராட்டத்தை முன்னெடுக்கும் நியம்கிரி சுரக்ஷா சமிதியை மாவோயிஸ்டுகள் வழிநடத்துவதாக உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கை குறிப்பிட்டது. நீதிமன்றத்தின் கண்முன் ஊர்கூடி எடுத்த முடிவை இப்படிச் சித்திரிப்பது பெரும் அநீதி. வழக்கு, காவல் முகாம், கைது என்று வரும் ஒவ்வொன்றும் உழவுநாளையும் சந்தைநாளையும் பறிக்கிறது. போராட்டத்தைத் தாங்கும் பிழைப்பையே அது அரிக்கிறது.

ஆகவே 2013-இன் கிராம சபைத் தீர்மானங்களை இறுதியானவையாக ஒடிசா அரசு அறிவிக்க வேண்டும். மலைவாசிகள்மீது போராட்டம் தொடர்பாகப் போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும். இன்னும் பெறாத ஊர்களுக்குச் சமூக வன உரிமைப் பட்டாக்களைத் தாமதமின்றி வழங்க வேண்டும்.